அப்பாவின் மறதியை டாக்டரிடம் காட்டுவது எப்படி?

தெரிந்தவர் பெயர் சட்டென்று வராமல், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஞாபகம் வந்தால் பயப்பட வேண்டாம். வருடக்கணக்காகப் போய்வந்த கடலூர் பான்பரி மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் அப்பா நின்றாலோ, தினமும் வைக்கும் ரசத்துக்கு அடுத்து என்ன போடுவது என்று அம்மா திகைத்தாலோ, "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் வேலை, ஒரு நோட்டு போடுங்கள். தேதி, என்ன நடந்தது, முன்பு இப்படி உண்டா என்று இரண்டு வாரம் எழுதுங்கள். கேட்டதையே திரும்பக் கேட்பது, சில்லறை எண்ணத் தடுமாறுவது, மாத்திரையை இரண்டு முறை போடுவது, அடுப்பை அணைக்க மறப்பது எல்லாம் அதில் வரட்டும். டாக்டர் எதிரில் பத்து நிமிடம் நன்றாகப் பேசிவிடுவார்கள். வீட்டில் நடப்பதை இந்த நோட்டுதான் சொல்லும். ஆனால் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்தாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிறகு வந்தாலோ நோட்டுக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிருமித்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு என எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து, சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போடுங்கள். தூக்க மாத்திரை, சளி மருந்து, லேகியம் உட்பட. சில மருந்துகளே மறதியைக் கொடுக்கும்.

கூப்பிடும்போது "புத்தி தடுமாறுது" என்று சொல்லிவிடாதீர்கள், மனசு உடைந்துபோகும். "சுகர், பிரஷரோட மறதியையும் ஒரு தடவை பாத்துடலாம்ப்பா" போதும்.

எங்கே போவது? வழக்கமான டாக்டரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தொடங்கிப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அப்புறம் நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் என்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர். நரம்பியலோ மனநலப் பிரிவோ, இரண்டும் இதைப் பார்க்கும். மனநலம் என்றதும் கூசாதீர்கள். கண்ணாடி, காது மிஷின் மறக்க வேண்டாம். கேள்வி காதில் விழாவிட்டால் பதிலும் தப்பாகத்தான் வரும்.

அங்கே தேதி கேட்பார்கள், சில வார்த்தைகளை நினைவில் வைக்கச் சொல்வார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள். தயவுசெய்து பக்கத்திலிருந்து பதில் எடுத்துக் கொடுக்காதீர்கள். எதுவரை படித்தவர் என்பதை மட்டும் சொல்லுங்கள், மதிப்பெண்ணை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். தைராய்டு, பி12, சோடியம், சுகர் ரத்தப் பரிசோதனையும் சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனும் எழுதுவார்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையில் தேறக்கூடியது. சீக்கிரம் போங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்றே முடிவானால், எந்த வகை என்று கேளுங்கள். அல்சைமர்தான் அதிகம். டோனெபெசில் போன்ற மாத்திரை நோயைக் குணமாக்காது. சிலருக்குச் சில காலம் தெளிவு தரும். அடுத்த செக்கப் எப்போது என்று எழுதி வாங்குங்கள். பென்ஷன், பேங்க், உயில் விஷயங்களை அவர் தெளிவாக இருக்கும்போதே அவரிடமே கேட்டு முடியுங்கள். உதவிக்கு ஆளில்லாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.