தேய்ந்த செயினைத் தூக்கிப் போடும் முன்

பழைய கிராலர் டிராக்டரில் (டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் வண்டி) ஸ்ப்ராக்கெட்டின், அதாவது செயினை இழுக்கும் பல்சக்கரத்தின், பல் கூராகத் தேய்ந்துவிட்டால், பலரும் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். நீண்டுபோன செயினோடு ஓடினால் புது ஸ்ப்ராக்கெட்டும் சீக்கிரமே தேயும். காசுக்குத்தான் கேடு. முதலில் செயினைப் பாருங்கள்.

செயின் கண்ணிகளை இணைக்கும் பின்னும் (pin), அதன் மேல் உறையாக இருக்கும் புஷ்ஷும் பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் தேயும். இரண்டையும் கழற்றி 180 டிகிரி திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும், செயின் நீளமும் கிட்டத்தட்ட பழைய அளவுக்குத் திரும்பும். ஆனால் புஷ் மெலிந்து விரிசல் விடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அளப்பது சுலபம். செயினை விறைப்பாக இழுத்து வைத்து, ஒரு பின்னின் ஓரத்திலிருந்து ஐந்தாவது பின்னின் அதே ஓரம் வரை அளந்து 4-ஆல் வகுங்கள். கிடைப்பதை மேனுவலில் உள்ள தேய்மான அளவோடு ஒப்பிடுங்கள். மாஸ்டர் பின் (செயினைப் பிரிக்கக் கழற்றும் பின்) இந்த அளவுக்குள் வரக் கூடாது.

பின்னைக் கழற்ற ஹைட்ராலிக் பிரஸ்தான் சரி. சம்மட்டியால் அடித்தால் கடினமான இரும்பிலிருந்து சில்லு தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து.

வண்டியின் எடையைத் தாங்கிச் செயின் மேல் உருளும் ரோலரில் எண்ணெய் கசிகிறதா? சீலை உடனே மாற்றுங்கள், தள்ளிப் போட்டால் ரோலரே போய்விடும்.

அப்புறம், கிரீஸ் அட்ஜஸ்டர் (கிரீஸ் அழுத்தத்தால் செயினை இறுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் செயினைத் தளர்த்தும்போது அதன் வால்வுக்கு நேரே முகத்தைக் காட்டாதீர்கள். உள்ளே அழுத்தம் மிக அதிகம். வால்வை மெதுவாக, ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் திருகுங்கள்.