நான்கே ஆசிரியர்களோடு ஒரு மிஷன் செவிலியர் கல்லூரியை நடத்துவது

ஆள் பற்றாத கல்லூரியில் முதலில் கை வைக்க வேண்டியது கால அட்டவணையில். ஆண்டுக்கு 40 பேர், மூன்று ஆண்டுகள் என்று வையுங்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் வகுப்பில் இருந்தால் ஆண்டுக்கு வாரம் 30 மணி வீதம் மொத்தம் 90 மணி நேரப் பாடம். நான்கு பேர் பகிர்ந்தாலும் தலைக்கு இருபத்திரண்டரை மணி. பாடம் தயாரித்து, தாள் திருத்தி முடிப்பதற்குள் வாரம் போய்விடும். வார்டை எட்டிப் பார்க்க ஆளிருக்காது.

தொகுதி முறைக்கு மாறுங்கள். ஓர் ஆண்டினர் 6 வாரம் வகுப்பில். மற்ற இரண்டு ஆண்டினரும் அப்போது வார்டில். பாடம் தலைக்கு ஏழரை மணியாகக் குறையும். மிஞ்சும் நேரம் முழுவதும் வார்டுக்கு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் தொகுதி வகுப்பாகவே அமையட்டும். பொம்மையில் ஊசி போட்டுப் பழகாதவரை நோயாளியிடம் அனுப்பக் கூடாது.

வார்டில் இருக்கும் 80 பேரை 8 பேர் கொண்ட 10 குழுக்களாக்குங்கள். பொது மருத்துவம், அறுவை, குழந்தைகள், மகப்பேறு, புறநோயாளி, அறுவை அரங்கு: 6 இடங்கள், காலை மாலை இரண்டு ஷிஃப்ட். மாலையில் புறநோயாளிப் பிரிவும் அரங்கும் இயங்காது என்றால் சரியாக 10 இடம். அரங்குக்குள் எட்டுப் பேர் நின்றால் நெரிசல். பாதிப் பேரைக் கருவிகளைச் சுத்திகரிக்கும் அறைக்கு அனுப்பலாம்.

இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். மருத்துவமனையிலும் ஆள் குறைவு, ஆகவே மாணவர்கள் படுக்கை விரிக்கவும் சீட்டு எடுத்துப் போகவுமே பயன்படுவார்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் 2 மணி நேரம் கற்றலுக்கு மட்டும் என்று மருத்துவமனையின் தலைமைச் செவிலியரான மேட்ரனிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வார்டின் பொறுப்புச் செவிலியரான வார்டு சிஸ்டர்தான் உங்கள் ஐந்தாவது ஆசிரியர். அவருக்கு வாரம் அரை நாள் வார்டு வேலையிலிருந்து விலக்கு தராமல் கற்பிக்கச் சொல்வது நியாயமில்லை. மாணவர் கற்ற செயல்முறைகளைப் பதியும் லாக்புக்கில் ‘பார்த்தேன், உதவியோடு செய்தேன், தனியாகச் செய்தேன்’ என மூன்று கட்டங்கள் போதும். கையெழுத்து அன்றன்றே. மாதக் கடைசியில் ஒரே பேனாவில் விழும் முப்பது கையெழுத்துக்கு மதிப்பில்லை.

பாடமெடுக்க வரும் மருத்துவர் அவசரச் சிகிச்சைக்கு ஓடுவார், அது நிச்சயம். மாற்றாக, நரம்பில் ஏற்றும் திரவத்துக்கான சொட்டுக் கணக்குத் தாள்களைத் தயாராக வையுங்கள்: மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில் 1000 மில்லி 8 மணி நேரத்தில் ஏற வேண்டுமென்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு.

செயல்முறைத் தேர்வுக்கு 10 நிலையங்கள், அதாவது மாணவர்கள் வரிசையாகச் சுற்றிவரும் சிறு சோதனை இடங்கள், ஒவ்வொன்றிலும் 5 நிமிடம், மாறுவதற்கு 1 நிமிடம். மணிக்கு 10 பேர். 40 பேருக்கு 4 மணி நேரம், இடைவேளை தனி. ஐந்தில் மட்டும் மதிப்பெண் போடும் ஆசிரியரோ செவிலியரோ இருந்தால் போதும். மற்றவை மருந்துக் கணக்கு, எக்ஸ்ரே, கருவி அடையாளம் போன்ற எழுத்து நிலையங்கள். முடித்தவர்கள் காத்திருப்பவர்களைச் சந்திக்கக் கூடாது.

கல்லூரியை நடத்தும் சபை நிர்வாகத்திடம் கேட்டுப் பெற வேண்டியவை இரண்டு. பாதிரியாரையோ கன்னியாஸ்திரியையோ முதல்வராக நியமித்தால், இடமாற்றம் ஆண்டிறுதித் தேர்வுக்குப் பிறகே நடக்க வேண்டும். அது எல்லாச் சமயமும் கைகூடாது என்பதால் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டாம் பொறுப்பாளர் ஒருவரும், அலுவலக அலமாரியில் ஒரு பாடக் கோப்பும் இருக்கட்டும். அடுத்தது, கல்விக் கட்டணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. மருத்துவமனைக் கணக்கில் விழும் கட்டணம் மருந்து பாக்கிக்குப் போய்விடும். தேர்வு வாரியத்துக்குப் பணம் கட்டும் நாளில்தான் அது தெரியவரும்.