ஓட்டம் நின்றபின் நடையை ரசிப்பது எப்படி

முழங்காலில் அடிபட்டு ஓட்டம் நின்றுபோனவர்களுக்கு நடை என்றாலே ஏதோ தண்டனை மாதிரி இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலில் ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி வையுங்கள். பழைய வேகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் பிடிக்காது.

மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சரி என்று சொன்ன பிறகு, சமதரையில் 10 நிமிடம் போதும். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 3-ஐத் தாண்டினால் அன்றைக்கு அவ்வளவுதான், திரும்பிவிடுங்கள். ஆனால் உண்மையான தீர்ப்பு மறுநாள் காலையில்தான்: படுக்கையிலிருந்து எழுந்து காலை ஊன்றும்போது மூட்டு இறுகியோ வீங்கியோ இருந்தால் நேற்று செய்தது அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சும் தசையும் சீக்கிரம் தேறிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் மெதுவாகத்தான் தேறும், அதனால்தான் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று ஏமாந்துபோகிறோம்.

நீச்சல் தெரியாவிட்டாலும் நீச்சல் குளத்தில் ஆழமில்லாத பக்கம் இறங்கி நடக்கலாம். இடுப்பளவு தண்ணீரில் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான். முதல் அடியிலேயே அந்த லேசு தெரியும்.

அப்புறம், குதிகால் பதிந்து, பாதம் உருண்டு, பெருவிரல் தரையைத் தள்ளுவதைக் கவனித்தபடி நடந்து பாருங்கள். ஓடிய காலத்தில் நான் இதைக் கவனித்ததே இல்லை.