வெட்டுக்குத்து இல்லாத கொப்பி: ஏ.எல். படிக்கும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் ஏ.எல். (உயர்தர) பௌதிகவியலுக்குப் பேப்பர் கிளாஸ், அதாவது பழைய வினாத்தாள்களைச் செய்விக்கும் வகுப்பு எடுக்கிறேன். போன கிழமை ஒரு தங்கச்சி கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். "சேர், பத்து வருசப் பேப்பர் முடிச்சிட்டன்." நீல மையில் விடை, சிவப்பில் தலைப்பு, அடிமட்டம் வைத்துக் கீறிய வரைபுகள். ஐம்பது அறுபது பக்கம் புரட்டியும் ஓர் இடத்தில்கூட வெட்டு இல்லை, குத்து இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி ஒரு கொப்பி என்னிடமும் இருந்தது, என் முதல் ஷை (முதற் தடவை எழுதிய பரீட்சை) அதோடுதான் போனது.

போனைத் தூர வை, நேரத்துக்கு நித்திரை கொள் என்பதெல்லாம் வீட்டில் அம்மாவே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்கீமை (புள்ளித்திட்டத்தை) திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் செய்வது

எங்கள் வீடு அம்பிளாந்துறைப் பக்கம். விடிய எழும்பிப் பாதையில் (ஆட்களை ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையில்) ஏறி, வாவியைக் கடந்து குருக்கள்மடத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ரியூசனுக்குப் போவேன். பாதை மறுகரை சேருவதற்குள் ஒரு ஸ்ட்ரக்சர் (அமைப்புக் கட்டுரை) கேள்வியையும் அதற்குரிய புள்ளித்திட்டத்தையும் வாசித்துவிடுவேன். இரவில் அதையே அழகாகக் கொப்பியில் எழுதுவேன். இடையில் தடக்கினால் ஸ்கீமை ஒரு பார்வை, "ஓ, இதுதானே, எனக்குத் தெரியும்" என்று மேலே எழுதுவேன். அப்படி ஒரு மேசை நிறையப் பேப்பர் செய்தேன். முடிவு வந்த அன்று அம்மம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "பேப்பரும் கையுமாத்தானே மனே இருந்தாய்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தங்கச்சியிடம் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, அவளுடைய கொப்பியில் இருந்த கேள்வி ஒன்றையே கேட்டேன். எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும்போது குறிப்பு முள்ளை ஏன் ஊசலின் நடுத்தானத்தில் வைக்கிறோம்? கொப்பியில் சரியான விடை இருக்கிறது: குண்டின் வேகம் அங்கேதான் மிகக் கூட, ஆகவே அது கடக்கும் கணத்தைத் திருத்தமாகப் பிடிக்கலாம். தாளில் அவள் எழுதியது, "பார்க்க இலகு என்பதால்". அதற்குப் புள்ளி கிடைக்காது. அடுத்து, ஒரு அலைவை அளக்காமல் ஏன் பல அலைவுகளை அளக்கிறோம் என்று கேட்டேன். பின்ன வழு குறையும் என்பது அவளுக்குத் தெரியும், வாயால் சொன்னாள், ஆனால் தாளில் எழுத வரிகள் வரவில்லை, பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஒன்றும் தெரியாதவள் இல்லை. ஸ்கீம் பக்கத்தில் இருந்தபடியால் தனக்கு எது வராது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

இது எனக்கு இன்னும் எரிச்சல் தரும் பிழை, ஏனென்றால் சோம்பேறிகள் செய்யும் பிழை இல்லை இது. இரவு பன்னிரண்டு மணி வரை கண்விழித்து, கை நோக எழுதும் பிள்ளைகள்தான் இதில் விழுகிறார்கள், பிறகு "எவ்வளவு படிச்சும் எனக்கு ஏறுதில்லை" என்று தங்களையே நோகிறார்கள்.

அப்ப எப்படிச் செய்வது? மணிக்கூட்டை முன்னால் வையுங்கள். முதற் பேப்பர் என்றால் ஐம்பது கேள்விக்கு இரண்டு மணித்தியாலம், இரண்டாம் பேப்பர் என்றால் மூன்று மணித்தியாலம். கொப்பி, டியூட் (வகுப்பில் தரும் அச்சுக் குறிப்பு), ஸ்கீம் எல்லாம் அடுத்த அறையில் இருக்கட்டும். தெரியாததை வெறுமையாக விடுங்கள், அந்த வெறுமையைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும். அடுத்த நாள் சிவப்புப் பேனையால் யாரோ ஒருவருடைய விடைத்தாளைத் திருத்துவது போலத் திருத்துங்கள். "நான் நினைச்சது இதைத்தான்" என்று புள்ளி போடக் கூடாது, எழுதியதற்கு மட்டும்தான் புள்ளி. பிறகு போன புள்ளிகளைப் பிரித்துப் பாருங்கள்: தெரியாமல் போனது எவ்வளவு, தெரிந்தும் எழுதத் தெரியாமல் போனது எவ்வளவு, நேரம் போதாமல் போனது எவ்வளவு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்று கிழமை கழித்து அதே பேப்பரை மறுபடி செய்யுங்கள். இப்படிச் செய்த ஐந்து பேப்பர், நான் செய்த அந்த மேசை நிறையப் பேப்பரை விடப் பெறுமதி.

"தியரி முடியட்டும் சேர்" என்பார்கள். தியரியோ பரீட்சைக்கு முந்திய மாதம் வரைக்கும் முடியாது. பொறியியல் (மெக்கானிக்ஸ்) அலகு முடிந்ததா, அந்த அலகுக் கேள்விகளை மட்டும் எடுத்து நேரம் வைத்துச் செய்யுங்கள். இன்னொன்று, பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கையில் பிள்ளைகள் எந்த இடத்தில் வழுக்கினார்கள் என்றும் எழுதியிருக்கிறது. எல்லாரும் விடையை மட்டும் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டவன்தான். பழைய பேப்பர் எடுக்கும்போது ஒரு கவனம்: 2019 இல்தான் இப்போதைய பாடத்திட்டத்துக்கு முதல் பரீட்சை நடந்தது, அதற்கு முந்தியவற்றில் இப்போது இல்லாத பகுதிகளும் இருக்கும்.

கணிப்பான்

பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் பரீட்சை ஹோலுக்குள் கணிப்பான் இல்லை. வீட்டிலும் போனில் தட்டாதீர்கள்.

எம்.சி.கியூவில் வெறுமை விடுவது

விடையைத் தெரிவு செய்யும் முதற் பேப்பரில் பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஒன்றையும் விடாதீர்கள்.

"எங்கட மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே"

இதை அப்பாமாரும் சொல்கிறார்கள், அதுதான் கவலை. வெட்டுப்புள்ளி என்றால் பல்கலைக்கழக இடம் கிடைத்த கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளி. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கின்றன. சரி. ஆனால் அந்த இடங்களுக்கு உங்களோடு போட்டி போடுபவர்கள் உங்கள் மாவட்டப் பிள்ளைகள்தான், பக்கத்து மேசையில் இருப்பவரும் அதில் ஒருவர். போன வருச வெட்டுப்புள்ளி போன வருசப் பிள்ளைகள் எழுதியதிலிருந்து வந்தது, இந்த வருசத்தது பரீட்சை முடிந்த பிறகுதான் பிறக்கும். இசட் புள்ளியும் அப்படித்தான்: அந்தப் பாடத்தில் எல்லாரும் எடுத்த சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் என்பதே கணக்கு. ஒரே ஏ எடுத்த இரண்டு பேருக்கு ஒரே இசட் புள்ளி வரும் என்றில்லை. ஏ வந்தால் போதும் என்று 75 இல் நிற்காதீர்கள்.

ஒரே பாடத்துக்கு மூன்று ரியூசன்

பஸ்ஸில் போகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒன்றை விடுங்கள்.

பொதுச் சாதாரண பரீட்சை

ஏ.எல். பாடங்களோடு எழுதும் இந்தப் பேப்பரில் குறைந்தது 30 புள்ளி இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் இல்லை. ஒரு தடவையாவது பழைய பேப்பர் ஒன்றைச் செய்துவிட்டுப் போங்கள்.

மேலதிக வாசிப்பு நேரம்

இரண்டாம் பேப்பருக்குத் தரும் பத்து நிமிடம் கேள்வி தெரிவு செய்வதற்கு. பௌதிகவியலில் கட்டுரைக் கேள்வி ஆறில் நான்கு செய்ய வேண்டும், கடைசி இரண்டிலும் ஒரு பகுதி அல்லது மற்றப் பகுதி மட்டும். இரண்டு பகுதியையும் எழுதிவிட்டு வெளியே வந்து அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

பேப்பரைப் போனில் மட்டும் வைத்திருப்பது

2024 இல் பரீட்சை நவம்பர் 25 தொடங்கி, மழை வெள்ளத்தால் 27 இலிருந்து நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 தான் மறுபடி தொடங்கியது. நவம்பர் எங்களுக்கு மாரி, கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குறைந்தது பத்து பேப்பராவது அச்சடித்துக் கையில் இருக்கட்டும், பொலித்தீன் பையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் அதே பையில்.