சின்னப் பிள்ளைக்கு ஒரு பெரிய வாழ்க்கை: வரலாற்றுப் படப்புத்தகத்தைத் தெரிவதும் வாசிப்பதும் செய்வதும்

வளர்ந்து என்னவாக வரப்போகிறாய் என்று யாழ்ப்பாணத்து முன்பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால், பெரும்பாலும் டொக்டர் அல்லது எஞ்சினியர் என்ற விடைதான் வரும். அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். வேறு வாழ்க்கைகளும் உண்டென்று ஐந்து வயதிலேயே காட்டுவதற்கு, வாழ்க்கை வரலாற்றுப் படப்புத்தகத்தைப் போல உதவும் பொருள் வேறில்லை என்பது, எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் சிறுபிள்ளைகளுக்கு வாசித்துவரும் எனது உறுதியான எண்ணம். ஆனால் புத்தகத்தைத் தெரிவதிலும் வாசிப்பதிலும் கவனம் வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு பாடப்புத்தகமாகிவிடும்.

தெரியும்போது முதலில் பார்க்கவேண்டியது, அந்த மனிதர் சிறுபிள்ளையாக இருந்த பக்கம் புத்தகத்தில் இருக்கிறதா என்பதே. விருது வாங்கும் படம் பெரியவர்களுக்குத்தான் பிடிக்கும். பிள்ளையின் கண் தன் அளவான உருவத்தைத் தேடும். சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால், நான்கு வயதளவில், முட்டை எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காகக் கோழிக்கூட்டுக்குள் புகுந்து மணிக்கணக்காக ஒளிந்திருந்தார். வீட்டார் அவரைக் காணாமல் தேடித் திரிந்தார்கள். இந்தக் கதையை வாசித்த அன்று, கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பின்னர் அவர் சிம்பன்சிகளை ஆராயத் தொடங்கிய கொம்பேக் காடும் 1960ஆம் ஆண்டும் அவர்களுக்கு நினைவிராது. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலை என்பது நினைவிலிருக்கும்.

இரண்டாவதாக, தோல்விக்கு ஒரு பக்கமாவது இருக்கவேண்டும். அப்துல் கலாம் விமானப்படை விமானியாக விரும்பித் தேர்வுக்குப் போனபோது இடங்கள் எட்டு; அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். இதை விட்டுவிட்டு, இராமேஸ்வரத்துச் சிறுவன் நேரே குடியரசுத் தலைவராகிவிட்டதாகக் காட்டும் புத்தகத்தை நான் வாங்குவதில்லை. படங்களைப் பொறுத்தவரை, எழுத்தை மறைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கதை ஓரளவாவது விளங்கினால் அது நல்ல படப்புத்தகம். மூன்று நான்கு வயதுக்குப் பக்கத்துக்கு இரண்டு வசனம் போதும்.

தமிழில் இவ்வகை நூல்கள் குறைவு என்பது உண்மை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் தேடிப் பாருங்கள். வாசிப்பு மாதமான ஒக்டோபரில் நடக்கும் புத்தகக் கண்காட்சிகளையும் தவறவிடாதீர்கள். ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம்.

வாசிப்பதற்கு அந்தியில் விளக்கு வைத்தபின் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒரே புத்தகத்தை ஒரு கிழமை முழுக்க வாசியுங்கள். சலிப்பு உங்களுக்கு வரும், பிள்ளைக்கு வராது. நடுவில் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம். எண்கள் வந்தால் அவற்றைப் பிள்ளையின் உடம்போடு சேர்த்துக் காட்டுங்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்கான முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றார். 2.03 என்று வாசித்தால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. அதனால் நிலையத்துச் சுவரில் அந்த உயரத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறினேன். ஒரு பிள்ளை கோட்டுக்குக் கீழே நின்று, கையை உயர்த்தி, எட்டாமல் திரும்பி என்னைப் பார்த்து, "விழேக்க நோகாதே?" என்று கேட்டது. அக்காலத்தில் உயரம் பாய்ந்தவர்கள் இன்றுள்ள தடித்த மெத்தையில் விழவில்லை, மணலிலோ மரத்தூளிலோதான் விழுந்தார்கள் என்று சொன்னேன். அதன்பின் பதக்கத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. முற்றத்து மணலில் பாயத் தொடங்கிவிட்டார்கள்.

துயரமான பக்கம் வரும்போது பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் அப்படித் தாண்டினால் பாதிக் கதை போய்விடும். பொது நூலகத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கும் வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சி வளர்ந்து, 1959இல் வெண்ணிறக் கட்டடமாகத் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை ஒட்டி, ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் அது எரிக்கப்பட்டது. இதை நான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? பொய் சொல்லாமல், அளவாகச் சொல்ல வேண்டும். "ஒரு இரவு புத்தகங்களை எரித்துப்போட்டார்கள். எல்லாரும் அழுதார்கள். பிறகு திரும்பக் கட்டினார்கள்" என்ற மூன்று வசனம் அந்த வயதுக்குப் போதும். யார், ஏன் என்று கேட்டால் கேட்டதற்கு மட்டும் விடை சொல்லுங்கள். ஏழு வயதில் இன்னும் கொஞ்சம் கேட்பார்கள், அப்போது இன்னும் கொஞ்சம் சொல்லலாம். அந்தப் பக்கத்தோடு அன்றைய வாசிப்பை நிறுத்தக் கூடாது. முடியுமானால் அடுத்த ஞாயிறு பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், வாசலிலுள்ள சரஸ்வதி சிலையைக் காட்டி, உள்ளே ஒரு புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

கடையில் இல்லாத வரலாற்றை வீட்டிலேயே செய்யலாம். அச்சுப் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்; உங்களுக்குப் பதினாறு போதும். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் பதினாறு பக்கம் வரும். வெளியே பிறிஸ்டல் மட்டையை அட்டையாக வையுங்கள். மடிப்புக் கோட்டில் நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்றாக மூன்று துளை இட்டு, தடித்த நூலை உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே எடுத்து, மேல்துளையால் உள்ளே விட்டு, உட்புறமாகக் கீழ்த்துளைக்குக் கொண்டுபோய் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளையால் உள்ளே கொண்டுவந்து, நீளமாகக் கிடக்கும் தையலின் இரு பக்கமும் நூல்முனைகளை வைத்து முடிச்சுப் போடுங்கள். ஊசியையும் துளையிடுவதையும் பெரியவர் பார்த்துக்கொள்ள, முடிச்சைப் பிள்ளை போடட்டும்.

யாரைப் பற்றி எழுதுவது? 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த தொண்டைமானாறு நவரத்தினசாமி போன்றவர்களைப் பற்றிய பழைய மலர்களையும் பத்திரிகைகளையும் 'நூலகம்' என்ற பெயரிலுள்ள இணையவழி எண்ணிம நூலகத்தில் தேடலாம். என் விருப்பம் எப்போதும் பிள்ளைக்குத் தெரிந்த ஒருவர்தான்: அம்மம்மா, வலை பின்னும் அயலவர், தையல் கடை அக்கா. அவரிடம் பிள்ளையே போய், "என்ர வயசில உங்களுக்கு என்ன விருப்பம்? முதல் தரம் பிழைச்சுப் போனது எது?" என்று கேட்கட்டும். பெரியவர் அதைச் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்காதீர்கள். ஐந்து வயதுக்கு எழுதினாலும் வரலாறு வரலாறுதான்.

சென்ற ஆண்டு ஒரு பிள்ளை தன் அம்மம்மாவைப் பற்றிச் செய்த புத்தகத்தில், அவர் சிறுமியாகப் பனையோலையில் முதன்முதல் பின்னிய பெட்டி ஒரு பக்கம் சரிந்து நிற்கும் படம் ஒரு முழுப் பக்கத்தில் இருந்தது. சரிவை நேராக்கிக் கீறச் சொன்ன அண்ணனுக்கு, "அது அப்பிடித்தான் இருந்ததாம்" என்று பிள்ளை பதில் சொன்னது. அந்தப் பக்கத்தைத் திருத்த நான் விடவில்லை.

படம் கீறுவதற்குப் பிள்ளையிடமே நிறப் பென்சில்களைக் கொடுங்கள். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, தான் இப்போது செய்து பார்க்க விரும்பும் ஒன்றை அதில் பிள்ளை கீறட்டும். புத்தகம் முடிந்ததும் அதை அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல், முன் அட்டை தெரியும்படி பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். யாரைப் பற்றி எழுதினீர்களோ, அவருக்கு முதல் வாசிப்பு.