குமரியின் எல்லை மாறியது எந்தச் சட்டத்தால்? அரசியலமைப்பைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த கதையைக் கேட்டால் இங்கே எல்லோரும் சொல்லிவிடுவார்கள்: இணைப்புப் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணி, 1954 ஆகஸ்ட் 11, புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச்சூடு. எந்தச் சட்டத்தால் சேர்ந்தது என்று கேளுங்கள். “அரசியலமைப்பைத் திருத்தித்தான்” என்பார்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள்கூட. இந்தத் தவறைக் களைந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்த்தது மாநில மறுசீரமைப்புச் சட்டம். சாதாரணப் பெரும்பான்மையே போதுமான சட்டம் அது. மாநில எல்லையை மாற்றும் அதிகாரத்தை 3ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அப்படிப்பட்ட சட்டம், அரசியலமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் 368ஆம் பிரிவின் கீழான திருத்தம் ஆகாது என்று 4ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. அதே நாளில் 7ஆவது திருத்தமும் நடைமுறைக்கு வந்ததால்தான் இரண்டும் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. திருவிதாங்கூர்-கொச்சி போன்ற மாநிலங்களில் ஆளுநருக்கு இணையாக இருந்த ராஜப்பிரமுகர் பதவியை ஒழித்தது அந்தத் திருத்தம்.

எல்லையை மாற்ற மாநிலத்தின் சம்மதம் வேண்டும் என்பதும் தவறு. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இதைப் படித்ததும் நாடாளுமன்றம் நினைத்தால் எதையும் செய்யலாம் என்று எண்ணிவிட வேண்டாம். காசர்கோடு பக்கத்து எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், திருத்தத்தாலும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது என்று 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைக்கும் வரம்பு உண்டு என்பதே அரசியலமைப்புவழி ஆட்சியின் உயிர்நாடி.

நம் மாவட்டத்தையும் தொடும் ஒரு பிரிவு அரசியலமைப்பில் இருப்பது பலருக்குத் தெரியாது. 290அ பிரிவின்படி, 1956இல் இங்கு வந்து சேர்ந்த பகுதிகளின் கோயில்களைப் பராமரிக்க தேவஸ்வம் நிதிக்கு ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாயை மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து தர வேண்டும். இதற்குச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது. அதனால் இதைப் பற்றிப் பேசவே கூடாது என்று சிலர் எழுதுகிறார்கள். வாக்கெடுப்புதான் இல்லை, விவாதிக்கத் தடையில்லை. 203ஆம் பிரிவைப் பாருங்கள்.

கிராம சபையையும் ஊராட்சி மன்றத்தையும் ஒன்றாக எண்ணாதீர்கள். முன்னது ஊராட்சியின் வாக்காளர் எல்லோரும். பின்னது அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும்.

கடல் விஷயத்தில் ஏற்படும் தவறு காரியத்தையே கெடுக்கும். கடல் முழுக்க ஒன்றிய அரசுக்கு என்று நினைத்து டெல்லிக்கே மனு எழுதுகிறார்கள். மீன்பிடித் தொழில், மாநிலம் சட்டம் இயற்றக்கூடிய துறைகளைச் சொல்லும் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 12 கடல் மைல் கொண்ட பிராந்தியக் கடலைத் தாண்டிய மீன்பிடிப்புதான் ஒன்றியப் பட்டியல். கரையோர வள்ளத்தின் பிரச்சினை என்றால் சென்னைக்கு எழுத வேண்டும். தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகின் பிரச்சினை என்றால், அது நடந்த இடம் 12 மைலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.