ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கிள்ளிக் கிள்ளிக் கலக்காதீர்கள்

"நேத்து ராத்திரியிலேர்ந்து ஓ.ஆர்.எஸ். குடுத்துட்டேதான் இருக்கேன் டாக்டர், பேதி நிக்கவே இல்ல" என்றார் அந்த அம்மா. மடியில் ஒன்றரை வயதுப் பையன், உதடு காய்ந்து துவண்டு கிடந்தான். எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டேன். பெரிய பாக்கெட்டைப் பிரித்து, டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று அவ்வப்போது போட்டிருக்கிறார். மீதியை ரப்பர் பேண்ட் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

பேதிக்கு வருகிற பாதிப் பேர் வீட்டில் இதுதான் கதை. முதலில் ஒன்று: ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தும் மருந்து இல்லை. போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. பேதி பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கும்.

அந்த 20.5 கிராம் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், மீதி பொட்டாசியம், சிட்ரேட் உப்புகள். குடல் சுவரில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும். பின்னாலேயே தண்ணீர் போகும். இந்தக் கணக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ஸ்பூனில் அள்ளினால் எந்த ஸ்பூனில் எவ்வளவு உப்பு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அரை லிட்டரில் கலந்தால் உப்பு அளவுக்கு மீறும். ருசிக்காகச் சர்க்கரை சேர்த்தால் குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொண்டு பேதியைக் கூட்டும். காலி ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் போதும்: கொதித்து ஆறிய தண்ணீர், முழு பாக்கெட், 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கிடைக்கிறது. கவரைப் படித்துவிட்டுக் கலக்குங்கள்.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக்கூடாது என்றது. குளுக்கோஸ் பவுடரும் மாற்று ஆகாது, அதில் போதிய உப்பு கிடையாது.

வாந்தி எடுத்தால் நிறுத்திவிடுகிறார்கள். பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி ஆரம்பியுங்கள். வயிற்றைக் காயப் போடுவதும் வேண்டாம். தாய்ப்பால் தொடரட்டும், குழைந்த சாதம், தயிர், இட்லி கொடுக்கலாம். சர்க்கரை நோயாளிகள் குளுக்கோஸ் என்றதும் பயப்படுகிறார்கள். நீர் வற்றுவதுதான் அவர்களுக்குப் பெரிய ஆபத்து. குடிக்கலாம், சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டால் சரி. இதயம், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. டாக்டர் எழுதிய ஜிங்க் மருந்தைப் பேதி நின்ற அன்றே நிறுத்துவதும் தவறு; 14 நாள் என்றால் 14 நாள்.

அப்புறம் டிரிப். "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. 1971இல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி டிரிப் பாட்டில்கள் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலானாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே சாவை வெகுவாகக் குறைத்தார். நினைவு மங்கினாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ டிரிப் வேண்டியதுதான். அதோடு கண் குழிவது, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமலிருப்பது, மலத்தில் ரத்தம் இவற்றில் எதைப் பார்த்தாலும் வீட்டில் காத்திருக்காதீர்கள்.

அந்தப் பையன் துவண்டிருந்தாலும் ஸ்பூனைக் கண்டதும் வாயைத் திறந்தான். அதனால் டிரிப் போடவில்லை. பெஞ்சிலேயே உட்காரவைத்து, அந்த அம்மாவின் கண்முன் ஒரு லிட்டர் கலந்து கொடுத்தேன். எடை பத்து கிலோ. நாலு மணி நேரத்தில் முக்கால் லிட்டர் என்று கணக்கு. மூன்றாவது மணியில் பெஞ்சை நனைத்துவிட்டான். அம்மா பதறிப்போய் முந்தானையால் துடைக்கப் போனார். நான் காலையிலிருந்து காத்திருந்ததே அதற்குத்தான்.